சாவடிக் கல்லில் ‘1914–1919’: பெயர்களைத் தேடுவது எப்படி?

கேள்வி:
முதல் உலகப்போர் முடிந்ததும் சில ஊர்களில் ஒரு கல் பதித்தார்கள். ‘இவ்வூரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என ஆங்கிலத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். போர் 1918லேயே நின்றுவிட்டதே, ஏன் 1919? சுண்ணாம்பு அப்பிக் கிடக்கும் கல்லை எப்படிப் படிப்பது? பெயர்கள் கிடைக்குமா?

பதில் 1:
1918 நவம்பர் 11இல் நடந்தது போர்நிறுத்தம்தான். ஜெர்மனியுடன் வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28இல்; அதனால்தான் கல்லில் 1919.

எடுத்த எடுப்பிலேயே கல்லைத் தேய்க்க வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்துக் குழிகளில் நிழல் விழும். நாலு பக்கமிருந்தும் அடித்து நாலு படம் எடுங்கள்; ஒரே பக்க வெளிச்சத்தில் 3 எது, 8 எது என்று தெரியாது. நேர் ஃபிளாஷ் கூடவே கூடாது. சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பலாம். ஆசிட் ஊற்றாதீர்கள். சலவைக்கல்லும் காய்ந்த சுண்ணாம்பும் ஒரே கால்சியம் கார்பனேட். ஆசிட் இரண்டையும் தின்றுவிடும்.

பதில் 2:
பெயர்களுக்கு, போரில் இறந்த வீரர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையத் தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். ஆள் பெயரில் தேடினால் ஏமாற்றம்தான். ஒரே பெயரை எழுத்தர்கள் பலவிதமாக எழுதியிருப்பார்கள். ‘கூடுதல் தகவல்’ பகுதியில் பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரும். அங்கே பழைய ஜில்லாப் பெயரைப் போடுங்கள்: திருச்சினாப்பள்ளி (Trichinopoly), தின்னவேலி (Tinnevelly), வட ஆற்காடு (North Arcot), எல்லாம் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில். காலவரம்பை 1918 நவம்பரோடு நிறுத்திவிடாதீர்கள். ஆணையத்தின் கணக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை போகிறது.

பதில் 3:
‘சென்றனர்’ என்றால் எல்லோரும் துப்பாக்கி பிடித்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள், கூலி வேலைக்கான தொழிலாளர் படையினரும் போனார்கள். படைப்பிரிவுப் பெயரை வைத்து மட்டும் தேடினால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

பெயரில்லாக் கணக்கு ஊர்க்கல்லோடு முடியவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். அங்கே விடுபட்டவர்களின் பெயர் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே ஊர்க்கல்லின் எண்ணிக்கையும் உங்கள் பட்டியலும் ஒத்துவரும்வரை விடாதீர்கள்.

சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையின் பின்பக்கம் முதல் போருக்கென்றே ஒரு நினைவிடம் உண்டு. இந்தியாவுக்குள்ளேயே இறந்து, இங்குள்ள ஊர்க் கல்லறைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் அதில் இருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.