சர்வர் மெயின்டனன்ஸை எந்த நேரத்தில் வைப்பது? எல்லா ஊரிலிருந்தும் திட்டு வருகிறது

திருநகர்க்காரன்:
மதுரையில் இருந்துகொண்டு நண்பர்களாகச் சேர்ந்து ஒரு சின்ன ஆன்லைன் கேம் நடத்துகிறோம். சர்வர் ஒன்றே ஒன்று, மும்பையில். முதலில் ஆடியவர்கள் எல்லாம் நம்ம ஊர்ப் பசங்கதான், அதனால் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நிறுத்தி வேலையை முடித்துவிடுவோம், ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது மலேசியா, துபாய், லண்டன், டொராண்டோ என்று ஆள் சேர்ந்துவிட்டது. இந்தக் கோடையில் நம்முடைய அதிகாலை 2 அவர்களுக்கு டொராண்டோவில் சனி மாலை 4:30, லண்டனில் இரவு 9:30. வாராவாரம் நேரத்தை மாற்றி வைத்தால் கஷ்டம் எல்லோருக்கும் சமமாகப் போகும் என்கிறான் கூட்டாளி. சரியா?

வைகைக்கரை:
மாற்றி மாற்றி மட்டும் வைக்காதீங்க. நேரம் நிலையாக இருந்தால் ஆடுகிறவர்களுக்குப் பழகிவிடும், மாறிக்கொண்டே இருந்தால் வாராவாரம் யாராவது ஒருத்தர் தெரியாமல் வந்து முட்டிக்கொண்டு உங்களைத் திட்டுவார். ஈவ் ஆன்லைன் என்கிற கேமில் சீனா நீங்கலாக உலகத்துக்கே ஒரே சர்வர், தினமும் யுடிசி (உலகப் பொது நேரம்) 11:00 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 4:30க்கு, நிறுத்துவார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் அமெரிக்காவுக்குச் செவ்வாய், ஐரோப்பாவுக்குப் புதன். சனி ஞாயிறு பக்கமே போவதில்லை, கவனிங்க.

மணிக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று லாக்கிலிருந்து (சர்வர் எழுதி வைக்கும் பதிவு) யுடிசியில் எடுங்க. என் கணக்கு செவ்வாய் காலை 11:30, யுடிசி 06:00. டொராண்டோவில் அதிகாலை 2, லண்டனில் காலை 7, துபாயில் 10, கோலாலம்பூரில் மதியம் 2. பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் வேலை, பள்ளிக்கூடம். அதைவிட முக்கியம், நீங்கள் முழித்திருக்கும் நேரம் அது. டேட்டாபேஸ் மாற்றம் பாதியில் சிக்கிக்கொண்டால் தூக்கக் கலக்கத்தில் பேக்கப் தேடுவது ஆபத்து, அந்த நேரத்தில்தான் ஆள் எதையாவது அழித்து வைப்பான்.

பனிக்கால மேலூரான்:
டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு சனி சாயங்காலம்தான் ஆட்டமே, அதில் கை வைத்தால் திட்டத்தான் செய்வோம். செவ்வாய் அதிகாலை 2 என்றால் தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்க. ஆனால் அறிவிப்பை 'இந்திய நேரம்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீங்க. இங்கே கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும், லண்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. இடையில் சில நாள் எங்களுக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளியே ஒரு மணி நேரம் மாறிவிடும். யுடிசியில் போடுங்க, டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் என்றால் அவரவர் நேரத்திலேயே காட்டும் வசதி இருக்கிறது. அப்புறம், கேமுக்குள் சில நாள் மட்டும் நடக்கும் ஈவென்ட் முடிகிற நாளில் சர்வரை நிறுத்தினால் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

ஒத்தக்கடை:
பகலில் வைப்பது சரி, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்க, காலை 9க்குப் போனால் சாயங்காலம்தான் வரும். சர்வர் மும்பையில் ஜம்மென்று ஓடும், உங்க வீட்டு ரவுட்டர் ஓடாது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரமும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு போனில் சர்வரைச் சரிசெய்ய முடியாது. நிறுத்துவதற்கு அரை மணி முன்னாலேயே புது ஆட்டம் தொடங்குவதை அடைத்துவிட்டு, ஓடுகிற ஆட்டங்களை முடிய விடுங்க. ஒரு மணி நேர வேலை என்றாலும் இரண்டு மணி நேரம் என்றே சொல்லுங்க, சீக்கிரம் திறந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

திருநகர்க்காரன்:
லாக் எடுத்துப் பார்த்தோம், யுடிசி 5லிருந்து 7 வரைதான் ஆள் குறைவு. செவ்வாய் 11:30 என்றே வைக்கிறோம். கூட்டாளி இப்போது அடுத்ததை ஆரம்பித்துவிட்டான், கனடாவுக்குத் தனி சர்வர் போட்டால் என்ன என்று.

வைகைக்கரை:
ராத்திரி ஒரு ஆட்டத்துக்கு ஆள் சேர இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் பாருங்க. அதுவே இழுக்கிறது என்றால், பிரித்த பிறகு இரண்டு பக்கமும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.