மங்களூர் ஓட்டுக்கு அடியில் பிரீத்தபிள் ஷீட்: எந்த ரகம், எப்படி விரிப்பது?

தக்கலைவாசி
ஓட்டை இறக்கி, ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) மாற்றி, திரும்ப மேயப் போகிறோம். இரண்டு சரிவு, ஒவ்வொன்றும் 36 அடி நீளம், முகட்டிலிருந்து இறவாரம் வரை 16 அடி. கழுக்கோல் (முகட்டிலிருந்து இறங்கும் சரிவு மரம்) 2 அடிக்கு ஒன்று, சரிவு சுமார் 30 டிகிரி. காற்றோடு சாரல் அடித்தால் ஓட்டிடுக்கில் தண்ணீர் இறங்குகிறது. கடையில் அலுமினிய பபிள் ஷீட் போதும் என்கிறார்கள்; ஆசாரி, தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடும் பிரீத்தபிள் ஷீட்தான் என்கிறார். எது நல்லது, எத்தனை ரோல்? ஒரு அறையில் ஏசி, அடுக்களையில் விறகடுப்பு.

கூரைப்பணி அருமனை
ஆசாரி சொல்வது சரி. பபிள் ஷீட் வழியே ஆவி போகாது. ஆனி, ஆடி மழையில் வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரம் ராத்திரி அதன் அடியில் வியர்த்து, கழுக்கோலை ஊறவைக்கும். வெப்பத்தைக் குறைக்க பிரீத்தபிள் ஷீட் பெரிதாக உதவாது, அந்த ஆசை வேண்டாம்.

மூன்று அடுக்கு பாலிபுரொப்பிலீன், நடுவில் நுண்துளை ஃபிலிம் உள்ளதாக, சதுர மீட்டருக்கு 140 கிராமுக்குக் குறையாமல் வாங்குங்கள். டேட்டா ஷீட்டில் நீர்த்தடுப்பு டபிள்யூ1 (இருப்பதில் உயர்ந்த தரம்), எஸ்டி மதிப்பு (ஆவியைத் தடுக்கும் அளவு; குறைந்தால் ஆவி எளிதாகப் போகும்) 0.05 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ரோல் பெரும்பாலும் 1.5 × 50 மீட்டர். ஒரு வரிசை அடுத்ததன் மேல் 15 செ.மீ. ஏறிப் படிந்தால் சரிவுக்கு 4 வரிசை. இரண்டு சரிவுக்கும் 8 வரிசை, வரிசைக்கு 11.3 மீட்டர், ஆக 90 மீட்டர். 2 ரோல் போதும். கடைசி வரிசையில் மிஞ்சுவதை வெட்டாமல் முகட்டைத் தாண்டி மறுசரிவில் மடக்குங்கள்.

கீழிருந்து மேலே, அச்சடித்த பக்கம் வெளியே. துண்டு சேரும் இடம் கழுக்கோல் மேலேயே வரட்டும்.

ஷீட்டுக்கு மேல் கழுக்கோல் நெடுக 2-க்கு 1 இஞ்ச் பட்டை (மரச்சட்டம்) அடித்து, அதன் மேல்தான் ரீப்பர். செலவு என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரீப்பரை நேரே ஷீட்டில் அடித்தால் ஒவ்வொன்றும் வயல் வரப்பு மாதிரி நிற்கும். தண்ணீரும் சருகும் அங்கே தங்கி ஆணித்துளை வழியே சொட்டும். பட்டை இருந்தால் அந்த 1 இஞ்ச் சந்தில் தண்ணீர் நேரே இறவாரத்துக்கு ஓடிவிடும். 38 கழுக்கோலுக்கு 608 அடி; கழிவோடு 650 அடி எடுங்கள். சந்தின் இரு முனையிலும் எலி ஏறாமல் வலை.

ஷீட்டை இறவாரத்து மழைநீர்ப் பாத்திக்குள் தொங்கவிடாதீர்கள், வெயிலில் பொடிந்துபோகும். பாத்திக்குள் மடங்கும் அலுமினியத் தகடு அடித்து, ஷீட்டை அதன் மேல் முடியுங்கள். ரீப்பர் இடைவெளியை அளவு நாடாவை நம்பி வைக்காமல், வாங்கிய ஓட்டையே இரண்டு வரிசை அடுக்கிப் பார்த்து வையுங்கள். சூளைக்குச் சூளை மாறும்.

முட்டம் கடலோரம்
ஸ்டேப்ளர் பின் தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும். விரித்த வரிசைக்கு அன்றைக்கே பட்டை அடிக்காவிட்டால் காற்று பின்னோடு கிழித்துவிடும். தக்கலைக்கு நல்ல ஜிஐ ஆணி போதும். கடலை ஒட்டிய வீடென்றால் 316 ஸ்டெயின்லெஸ், இல்லாவிட்டால் துரு ஆணித்துளையைப் பெரிதாக்கும்.

ஏசி அறையில் கதை தலைகீழ். அங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். குளிர்ந்த சீலிங்கின் மேல்முகத்தில் வியர்க்கும். அந்த அறைக்கு மட்டும் சீலிங் மேல் இன்சுலேஷன் வைத்து, ஆவித்தடுப்பு அதன் மேல்பக்கம் இருக்கும்படி பாருங்கள், இணைப்புகளில் டேப். இங்கே பபிள் ஷீட் உதவும்.

விறகடுப்புக்கு மேலே எந்த ஷீட்டும் வேண்டாம். ஆவி போகும், புகை போகாது. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். அந்தப் பகுதியை வெறும் ஓடாகவே விட்டு, எல்லையில் தடுப்பு கட்டுங்கள்.

தக்கலைவாசி
நன்றி அண்ணாச்சி. கழுக்கோலைச் செல் (கறையான்) அரிக்காமல் இருக்க முந்திரி எண்ணெய் அடிப்பதாக இருக்கிறோம். ஷீட்டுக்கு ஆகுமா?

கூரைப்பணி அருமனை
அடிக்கலாம், ஆனால் விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே ஷீட். ஈர எண்ணெய் நுண்துளை ஃபிலிமில் ஊறினால் அந்த இடத்தில் நீர்த்தடுப்பு போய்விடும். அதனால் எண்ணெய் வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள். சித்திரையில் கோடைமழை தொடங்குமுன் ஓடு ஏறியிருக்க வேண்டும்.