அம்பிளிபயர் போகும்போது ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போகாமல்

(யாழ்ப்பாணப் பக்கம் செற் வேலை செய்யிற ஆக்கள், தங்கட ஊர்ப் பேரோடு சொன்னது)

கோண்டாவில், திருத்தவேலை

எரிந்து வாற 15 இஞ்சி ஸ்பீக்கரில் முதல் செய்ய வேண்டியது கோனை (முன்னுக்கு ஆடுற கூம்பை) இரண்டு கையாலும் மெல்ல அமத்திப் பாக்கிறது. கரகர என்று உரசினால் கொயில் (கோனின் அடியில் இருக்கிற கம்பிச் சுருள்) வெந்து வீங்கிவிட்டது. கொண்டுவாறவை "வாற்ஸ் கூடிப்போச்சு" என்றுதான் சொல்லுவினம். கழற்றினால் பலதில் கொயிலின் ஒரு முனை மட்டும் கரியாய் இருக்கும், மற்ற முனை செம்பு நிறம் மாறாது. அது பாட்டுக் கூடி எரிந்ததில்லை. கோன் ஒரு பக்கமாய்த் தள்ளுப்பட்டு அப்படியே நின்று எரிந்தது, அதாவது டீசி (ஒரே திசையில் நிற்கிற கரண்ட்).

கணக்குப் பாருங்கோ. சப்ளை +42, −42 வோல்ற். 8 ஓம் ஸ்பீக்கரை மீற்றரில் வைத்தால் 6 ஓம் அளவில் காட்டும். அவுட்புட் ரான்சிஸ்டர் ஒன்று சோட் ஆனால் (உள்ளே ஒட்டிப்போனால்) 42 வோல்ற்றும் நேரே கொயிலுக்குப் போகும். 7 அம்பியர், 294 வாற்ஸ். ஸ்பீக்கரில் 300 வாற்ஸ் என்று அடித்திருந்தாலும் தாங்காது. பாட்டு ஓடும்போது கோன் ஆடி, காற்றடித்துக் கொயிலை ஆற்றும். இங்கே ஆட்டமே இல்லை, முழுக்கச் சூடு. சில செக்கனில் மணம் வரும்.

அதனால் திருத்தின அம்பிளிபயரை உடனே ஸ்பீக்கரில் கொழுவாதேங்கோ. 230 வோல்ற் லைனில் 100 வாற்ஸ் பழைய இழை பல்ப்பைத் தொடராய்ப் போட்டு ஓன் பண்ணுங்கோ (எல்.இ.டி. பல்ப் சரிவராது). ஒருக்கா மின்னி மங்கினால் சரி, பிரகாசமாய் எரிந்துகொண்டே நின்றால் உள்ளே சோட். மங்கின பிறகு பல்ப்பை எடுத்துவிட்டு, இன்புட்டைச் சோட் பண்ணி, அவுட்புட்டில் டீசி அளக்கவேணும். 30 மில்லிவோல்ற்றுக்குக் கீழே நல்லம், 50 வரை விடலாம், 100 தாண்டினால் காரணம் தேடுங்கோ. 1 வோல்ற் என்றால் ஸ்பீக்கர் வயரைத் தொடவே வேண்டாம். கால் மணித்தியாலம் சூடேறவிட்டுத் திரும்ப அளவுங்கோ. குளிரில் 20 காட்டி, சூட்டில் 200க்கு ஏறுற அம்பிளிபயர் போட்டுகள் இருக்கு.

சுன்னாகம்

கோண்டாவில் அண்ணை சொன்னது அளக்கும் நேரத்துக்கு. திருவிழா நடுவில் ரான்சிஸ்டர் போனால் காப்பாற்றுறது றிலே (கரண்டில் தானே சேர்ந்து கழறுற சுவிச்) இருக்கிற போட்தான். கடையில் வாற போட்டில் அநேகம் யூபிசி1237 ஐசி இருக்கும். ஓன் பண்ணி 3, 5 செக்கன் கழித்து 'டக்' என்று ஸ்பீக்கரைச் சேர்க்கும், டீசி கண்டால் கழற்றும்.

'டக்' கேட்டது என்பதற்காகப் போட் வேலை செய்யுது என்று நினைக்க வேண்டாம். அது நேரம் பிந்திச் சேர்க்கும் பகுதி மட்டும்தான். டீசி பிடிக்கும் பகுதியைச் சோதிக்க ஒரு 9 வோல்ற் பற்றரி போதும். அம்பிளிபயர் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் போட்டிலிருந்து கழற்றுங்கோ. போட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கோ. றிலே சேர்ந்த பிறகு பற்றரியின் மைனஸை கிறவுண்டிலும் பிளஸை இன்புட்டிலும் வையுங்கோ, றிலே விழவேணும். பிறகு பற்றரியைத் திருப்பி வைத்துப் பாருங்கோ, அதற்கும் விழவேணும். பலபேர் திருப்பிப் பாக்கிறதில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் விழுற போட்டுகள் கனக்க இருக்கு. அப்படியானதைப் பூட்டினால் மைனஸ் பக்க ரான்சிஸ்டர் சோட் ஆகிற அன்றைக்கு றிலே பாத்துக்கொண்டு நிற்கும். இரண்டு சனலிலும் தனித்தனியாய்ச் செய்யவேணும்.

அடுத்தது றிலேயின் முனைகள். சின்ன நீல றிலேயில் '10 அம்பியர் 250 வோல்ற் ஏசி, 30 வோல்ற் டீசி' என்று அடித்திருக்கும். பின்னதைத்தான் பாக்கவேணும். ஏசி செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைக் கடக்கிறதால் பொறி அணையும். டீசியில் அந்த இடைவெளி இல்லை. 60 வோல்ற் சப்ளையில் றிலே திறந்தாலும் முனைகளுக்கு நடுவில் நீலப்பொறி நின்று எரிய, கரண்ட் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டேயிருக்கும். இதற்கு மருந்து வயர் கொழுவுற முறைதான். நடு முனையில் ஸ்பீக்கர், சேருகிற முனையில் அம்பிளிபயர், சும்மா கிடக்கிற மூன்றாவது முனையைக் கிறவுண்டோடு சேருங்கோ. றிலே விழுந்ததும் ஸ்பீக்கரின் இரண்டு பக்கமும் கிறவுண்ட் ஆகிவிடும். பொறி நின்றாலும் அது கிறவுண்டுக்குப் போய் அம்பிளிபயரின் பியூஸை எடுக்கும், கொயில் தப்பும்.

போட்டின் சொந்தச் சப்ளைக்கு 470 மைக்ரோ பரட்டுக்கு மேல் கப்பாசிட்டர் போடாதேங்கோ. கரண்ட் போன பிறகும் றிலே பிடித்துக்கொண்டு நின்றால், அணையும்போது வாற 'தொம்' முழுக்க ஸ்பீக்கருக்குப் போகும்.

வல்வெட்டித்துறை

கடற்கரைப் பக்கம் இன்னொன்று. உப்புக்காற்றில் றிலே முனை கறுக்கும். சத்தம் சின்னதாய் இருக்கையில் கரகரத்து, கூட்டினால் சரிவரும். அதுதான் அடையாளம். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சுப் போய் ஒரு மாதத்தில் திரும்பவும் வரும். ஐசோபுரொபைல் நனைத்த தடித்த கடதாசித் துண்டை முனைகளுக்கிடையில் வைத்து இழுங்கோ. முனை குழிவிழுந்துபோனதென்றால் றிலேயை மாற்றுறதுதான்.

நல்லூர், கோயில் சேர்விஸ்

ஹோண் காரருக்கு டீசி பெரிய பிரச்சினை இல்லை. தூரத்து ஹோணுக்கு இழுக்கிற 100 வோல்ற் லைனில் நடுவில் ரான்ஸ்போமர் நிற்கிறதால் டீசி கடக்காது. ஹோண் சாகிறது வேறு வழியில். அவசரத்தில் 16 ஓம் யூனிற்றை ரான்ஸ்போமர் இல்லாமல் 100 வோல்ற் முனையில் கொழுவிவிடுவினம். 100ஐ 100ஆல் பெருக்கி 16ஆல் பிரித்தால் 625 வாற்ஸ். 60 வாற்ஸ் யூனிற் முதல் தவில் அடியிலேயே முடிஞ்சுது.

மற்றது தாழ்ந்த சுரம். ஹோண் தன் எல்லைக்குக் கீழே காற்றைப் பிடிக்காது, டயபிரம் வெறுமனே துள்ளிக் கிழியும். மிக்சரில் தாழ்ந்த சத்தத்தை வெட்டுற 80, 100 ஹேர்ட்ஸ் பட்டன் இதற்குப் போதாது. 16 ஓம் யூனிற்றுக்குத் தொடராய் 33 மைக்ரோ பரட் கப்பாசிட்டர், துருவமில்லாதது, போட்டால் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். ரான்ஸ்போமரின் 100 வோல்ற் பக்கத்தில் போடுறதென்றால் 20 வாற்ஸ் என்று அடித்த முனைக்கு 1 மைக்ரோ பரட், 250 வோல்ற். நாதஸ்வரத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தவிலின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் மெலியும், அது மரத்தில் கட்டின ஹோணில் எப்படியும் வராத சத்தம்தான்.

கோண்டாவில்

"சின்ன அம்பிளிபயர் போட்டால்தான் ஸ்பீக்கர் எரியும்" என்ற கதைக்கும் ஒரு வரி. சின்னது என்பதால் எரியாது, கிளிப் ஆகிற அளவுக்கு முறுக்கினால் எரியும். 100 வாற்ஸ் அம்பிளிபயரின் அலை தட்டையாகி முழுச் சதுரமானால் சூடு 200 வாற்ஸுக்கு நெருங்கும். பாட்டின் உச்சம் வெட்டுப்பட, மெல்லிய பகுதி மேலேறுது. அதில் முதலில் சாகிறது ருவீற்றர் (கூர்ச்சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்). ருவீற்றருக்குத் தொடராய் வாகனத்தின் 12 வோல்ற் 21 வாற்ஸ் பல்ப் ஒன்று போடுங்கோ. குளிரில் 1 ஓமுக்கும் குறைவு, முழுக்க எரியும்போது 7 ஓம் அளவு. சத்தம் கூடினால் தானே தடுக்கும். பெட்டிக்குள் வெளிச்சம் தெரிந்தால் மிக்சரைக் குறைக்கிற நேரம்.

மானிப்பாய், ஓட்டோ செற் வேலை

சுன்னாகம் அண்ணை சொன்ன றிலே போட்டைக் கார் செற்றுக்குப் போடாதேங்கோ. அதில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உயிர் வயர். கிறவுண்டிலிருந்து அளந்தால் ஒவ்வொன்றிலும் 6, 7 வோல்ற் நிற்கும், அது பிழையில்லை. போட் அதை டீசி என்று எண்ணி ஒருநாளும் சேர்க்காது. அளக்கிறதென்றால் இரண்டு வயருக்கும் குறுக்கே வையுங்கோ. மைனஸ் வயரை வாகனத்தின் பொடி இரும்பில் பூட்டினாலும் ஐசி போய்விடும்.

சாவகச்சேரி

றிலே போட் இல்லாமல் பியூஸ் மட்டும் போட்டால் காணாதோ?

சுன்னாகம்

காணாது தம்பி. 100 வாற்ஸ், 8 ஓம் என்றால் உச்ச வேலையில் 3.5 அம்பியர். பாட்டுக்கு 2 அம்பியர் வேகப் பியூஸ் நிற்கும், ஆனால் முறுக்கிக் கிளிப் ஆனால் அது உருகிற நேரத்துக்குள் ருவீற்றர் போய்விடும். சப்ளையில் பிளஸுக்கும் மைனஸுக்கும் தனித்தனிப் பியூஸ் இருக்கிற அம்பிளிபயரில் இன்னும் மோசம். ஜெனரேற்றர் மாற்றுகிற நேரம் ஒரு பக்கப் பியூஸ் மட்டும் போனால், சில சேர்க்கிட்டில் அவுட்புட் மற்றப் பக்கம் முழுக்கச் சாயும். பியூஸே டீசியை உண்டாக்கிக் கொடுக்கும். அப்படியான செற்றில் பியூஸைக் கழற்ற வேண்டாம், றிலே போட்டையும் சேர்த்துப் பூட்டுங்கோ. ஜெனரேற்றருக்கு மாற்ற முன்னம் அம்பிளிபயரை ஓஃப் பண்ணுங்கோ, மிக்சரைப் பிறகு. ஓன் பண்ணும்போது மிக்சர் முதல், அம்பிளிபயர் கடைசி.