எஸ்பிஏ-15 மேல பல்லேடியம்: ரீயூஸ்ல ஈல்டு இறங்குது, சப்போர்ட்ட மாத்தணுமா?

கயல்_கெம்
எல்லாருக்கும் வணக்கம். எஸ்பிஏ-15 (நுண்ணிய துளைகள் உள்ள சிலிகா) பண்ணி அதுல அமினோப்ரொப்பைல் ஒட்டி பல்லேடியம் அசிடேட் ஏத்தியிருக்கேன். 4-ப்ரோமோஅனிசோலும் ஃபினைல்போரானிக் ஆசிடும் வச்சு சுசுகி ரியாக்ஷன் (ரெண்டு ஆரைல் வளையத்த ஒட்டுறது), எத்தனால்-தண்ணி, பொட்டாசியம் கார்பனேட், 80 டிகிரி. முதல் சில சைக்கிள் ஈல்டு அப்படியே நிக்குது, அப்புறம் சரசரன்னு இறங்குது, மஞ்சளா இருந்த பவுடரும் கருப்பாயிடுச்சு. கைடு எம்ஓஎஃப்-க்கு (உலோகமும் ஆர்கானிக் லிங்கரும் சேர்ந்த துளைப்பொருள்) போகச் சொல்றாங்க. எம்ஓஎஃப்-ல இந்தப் பிரச்சினை வராதா? ஹாட் ஃபில்ட்ரேஷன் (சூடா இருக்கும்போதே பவுடர வடிகட்டிட்டு மிச்ச கரைசல்ல ரியாக்ஷன் ஓடுதான்னு பாக்கறது) பண்ணேன், ஃபில்டர் பண்ணதும் ரியாக்ஷன் நின்னுடுச்சு, அப்போ பல்லேடியம் லீச் ஆகலைன்னு, அதாவது கரைசலுக்குள்ள கசியலைன்னு தானே அர்த்தம்?

பழைய_ஆர்கானிக்
கயல், அந்த டெஸ்ட வச்சு அவ்ளோ சீக்கிரம் முடிவுக்கு வந்துடாதீங்க. ஆரைல் ப்ரோமைடு மேல ஆக்சிடேட்டிவ் அடிஷன் நடக்கும்போதே பல்லேடியம் பவுடர விட்டு கரைசலுக்குள்ள வந்துடும், வேலைய முடிச்சிட்டு ப்ரோமைடு தீர்ந்ததும் திரும்ப சிலிகா மேலயே படிஞ்சிடும். காலைல மேய்ச்சலுக்குப் போன ஆடு சாயங்காலம் பட்டிக்குத் திரும்புற மாதிரி. முடிஞ்சப்புறம் ஆற வச்சு ஃபில்டர் பண்ணி ஐசிபி-க்கு (உலோக அளவு பாக்கற டெஸ்ட்) குடுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தான் காட்டும். 80 டிகிரிலயே, பாதி கன்வர்ஷன்ல, சூடு பண்ணி வச்ச சிரிஞ்ச் ஃபில்டர்ல எடுக்கணும். இன்னொன்னு, நிறைய பேப்பர்லயே இதை விட்டுடறாங்க: கரையாம கிடக்குற கார்பனேட்டும் ஃபில்டர்லயே மாட்டிக்கும், பேஸ் இல்லாம ஃபில்ட்ரேட் எப்படி ஓடும்? புதுசா கார்பனேட் போட்டுப் பாருங்க. கரைசல்ல துளியூண்டு பல்லேடியம் இருந்தாலே போதும், 2003-ல டி வ்ரீஸ் குரூப் லிகண்டே இல்லாம 0.01-0.1 மோல் சதவீதத்துலயே ஹெக் ரியாக்ஷன (பல்லேடியம் வச்சு ஆரைலயும் ஆல்கீனயும் ஒட்டுறது) ஓட்டிக் காட்டினாங்க.

சிலிகா_சிவா
பட்டியே, அதாவது சிலிகாவே இடியுதான்னும் பாக்கணும். சூடான கார்பனேட் தண்ணி சிலிகாவ மெதுவா கரைக்கும். இன்னொரு துளை சிலிகாவான எம்சிஎம்-41 சுவர் மெல்லிசு, சீக்கிரம் போயிடும், எஸ்பிஏ-15 சுவர் தடிப்பா இருக்கறதால கொஞ்சம் தாங்கும், அவ்ளோதான். யூஸ் பண்ண பவுடருக்கு லோ-ஆங்கிள் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷன்) எடுங்க, 0.9 டிகிரி பக்கத்துல வர்ற பீக் மங்கியிருந்தா போர் (துளை) சரிஞ்சிடுச்சுன்னு வச்சுக்கலாம், பிஇடி-லயும் (பரப்பளவு அளக்கறது) தெரியும். கருப்பானது பல்லேடியம் மெட்டலாகி மொத்தை கட்டினது, டெம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) பாத்தா போருக்கு வெளியவும் பெரிய துகள் கிடக்கும். எம்ஓஎஃப்-ன்னா இதெல்லாம் வராதுன்னு நினைக்காதீங்க, கார்பாக்சிலேட் எம்ஓஎஃப் நிறைய பேஸ்ல இதவிட மோசம், எம்ஓஎஃப்-5 ஈரக்காத்துக்கே தாங்காது.

கயல்_கெம்
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். அப்போ மெர்க்குரி டெஸ்ட் (மெர்க்குரி போட்டு மெட்டல் பல்லேடியத்த முடக்கிப் பாக்கறது) பண்ணா தெளிவாயிடுமா?

பழைய_ஆர்கானிக்
வேணாம்மா. மெர்க்குரி கரைசல்ல இருக்கிற பல்லேடியம் காம்ப்ளெக்ஸோடயும் ரியாக்ட் ஆகும், ரியாக்ஷன் நின்னாலும் எது நின்னதுன்னு சொல்ல முடியாது, அதுக்குப் போய் லேப்ல மெர்க்குரிய எதுக்கு சிந்தணும்.

மீனா_கேட்டலிசிஸ்
கயல், என் கேள்வி வேற. ஒவ்வொரு சைக்கிளும் எவ்ளோ நேரம் ஓட்டுறீங்க? அரை மணில முடியற ரியாக்ஷன ஆறு மணி நேரம் ஓட்டினா கேட்டலிஸ்ட்ல பாதி செத்திருந்தாலும் ஈல்டு 98-ன்னு தான் வரும். முதல் சில சைக்கிள் நல்லா இருந்துச்சுன்னு சொல்றீங்களே, அப்பவே இறங்க ஆரம்பிச்சிருக்கும், ஈல்டு மறைச்சிருக்கும். 5, 10, 15 நிமிஷத்துல ஜிசி-க்கு (கேஸ் க்ரோமட்டோகிராஃபி) சாம்பிள் எடுத்து ஆரம்ப வேகத்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் போடுங்க. ரீயூஸ் டேபிள விட அந்த கிராஃப் தான் ரிவ்யூவருக்கு பதில் சொல்லும். சப்போர்ட் மாத்தியே ஆகணும்னா முதல்ல அமினுக்கு பதிலா தயால் (சல்ஃபர் உள்ள குரூப்) போட்டுப் பாருங்க. 2005-ல க்ரடன் குரூப் மெர்காப்டோப்ரொப்பைல் எஸ்பிஏ-15-ல லீச்சிங்க பிபிபி (நூறு கோடியில ஒரு பங்கு) லெவலுக்கு கொண்டு வந்தாங்க. பேஸ் தான் வில்லன்னு எக்ஸ்ஆர்டி சொன்னா இமின் சிஓஎஃப் (உலோகம் இல்லாம கோவலன்ட் பிணைப்புல ஆன ஆர்கானிக் துளைப்பொருள்) பக்கம் போங்க, 2011-ல சிஓஎஃப்-எல்இசட்யூ1 மேல பல்லேடியம் வச்சு சுசுகி பண்ணியிருக்காங்க. இதை மருந்து கம்பெனிக்காரங்க பாக்கறதே லீச்சிங்க்கு தான், வாய்வழி மருந்துல பல்லேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது.

கயல்_கெம்
சரிக்கா, ஜிசி ஸ்லாட் போட்டுட்டேன். ஃபில்ட்ரேட்ட ஐசிபி-க்கு எப்படி டைஜஸ்ட் பண்றது?

மீனா_கேட்டலிசிஸ்
முதல்ல எத்தனால சுத்தமா ஆவியாக்கிடுங்க, எத்தனால் மேல நைட்ரிக் ஆசிட் விட்டா வெடிக்கும். காஞ்ச மிச்சத்துல ஃபியூம் ஹூடுக்குள்ள நைட்ரிக், ஆர்கானிக் எல்லாம் போனதும் அக்வா ரீஜியா (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலவை), அப்புறம் நீர்த்து ஃபில்டர் பண்ணுங்க. கேட்டலிஸ்ட் போடாத பிளாங்க் ஒண்ணும் கூடவே ஓட்டுங்க, மேக்னட்டிக் பார்ல ஒட்டியிருக்கிற பழைய பல்லேடியமே நம்பர ஏத்திடும்.