ஊர் மலருக்கு நிதி – ஜான் டேனியல் எவன்ஸ் என்ற வேல்ஸ் குடியானவரின் வரலாறு குறித்து

அன்புள்ள சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் வரலாற்று மலருக்காகக் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் கேட்டுச் சிங்கப்பூர் அத்தான் எழுதிய மடலையும், குடமுழுக்குக் கணக்கை முதலில் வையுங்கள் என்று சித்தப்பா எழுதிய பதிலையும், மேலவீட்டுப் பெருமை தெரியாதவர்கள் பணமே தர வேண்டாம் என்று பெரியத்தான் இரவோடு இரவாக எழுதியதையும் படித்தேன். சித்தப்பா கணக்குக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கிணற்றுப் பங்கு விவகாரத்துக்குள் நான் நுழைய விரும்பவில்லை. ஒரு குடும்ப வரலாற்றை எப்படி எழுதலாம் என்று, நான் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் வேல்ஸிலிருந்தே ஒரு மாதிரி காட்டும்படி துபாய்த் தம்பி கேட்டிருந்தான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இருக்கும் கார்டிஃபுக்கு வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பள்ளத்தாக்கில் மவுண்டன் ஆஷ் என்ற ஊர் இருக்கிறது. ஜான் டேனியல் எவன்ஸ் 1862இல் அங்கே பிறந்தவர். ஆங்கிலேய ஆதிக்கத்தில் தங்கள் மொழியும் வழிபாடும் தேய்ந்துபோகின்றன என்று கருதிய வேல்ஸ்காரர்கள், எவரும் தலையிடாத ஓரிடத்தில் தமக்கென்று ஒரு குடியேற்றம் வேண்டுமென்று முடிவு செய்து, 1865 மே 28 அன்று லிவர்பூலிலிருந்து மிமோசா என்ற கப்பலில் புறப்பட்டபோது, மூன்று வயதுக் குழந்தையான எவன்ஸும் பெற்றோருடன் அதில் இருந்தார். சுமார் 150 பேர் இரண்டு மாதம் கடலில் கிடந்து, ஜூலை 28 அன்று அர்ஜென்டினாவின் தெற்கே பட்டகோனியாக் கரையில் இறங்கினார்கள். கப்பலைத் திரட்டிய செலவில் பெரும்பகுதி, இயக்கத்தின் தலைவர் மைக்கேல் டி. ஜோன்ஸின் மனைவி ஆன் கொண்டுவந்த சொத்திலிருந்து போனது. அந்தப் பணம் திரும்பவில்லை. சித்தப்பா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

பச்சைப் பள்ளத்தாக்கு என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது மழையற்ற முட்புதர்க் காடு. சூபுத் ஆற்றின் கரையில் விதைத்தது காய்ந்தது. 1867இல் ஆரன் ஜென்கின்ஸ் என்ற குடியானவர் ஆற்றங்கரையை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டு விளைச்சல் எடுத்த பிறகுதான் குடியேற்றம் நிலைத்தது. வெட்டலாம் என்ற யோசனை அவர் மனைவி ரேச்சலுடையது என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்னர் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டி, ஏற்றுமதி செய்யுமளவுக்குக் கோதுமை விளைவித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் பசியோடு இருந்தவர்களுக்கு வேட்டையாடக் கற்றுக்கொடுத்தவர்கள், அந்த மண்ணுக்கு உரிய தெஹுவெல்ச்சே மக்கள். அவர்கள் இறைச்சி கொண்டுவருவார்கள். வேல்ஸ் பெண்கள் ரொட்டி கொடுப்பார்கள். எவன்ஸ் அந்தச் சிறுவர்களோடு குதிரையேறி வளர்ந்தவர். வழியே இல்லாத வெளியில் வழி கண்டுபிடிக்கும் திறமை அவருக்கு அவர்களிடமிருந்தே வந்தது.

வளர்ந்தபின், மேற்கே ஆண்டீஸ் மலைப்பக்கம் பொன் தேடிப்போன கூட்டத்தில் அவரும் இருந்தார். திரும்பும் வழியில், 1884 மார்ச் 4 அன்று, பூர்வகுடி வீரர்கள் தாக்கியதில் உடன் வந்த மூவரும் கொல்லப்பட்டார்கள். எவன்ஸின் குதிரை மலாகாரா, மற்றக் குதிரைகள் தயங்கி நின்ற செங்குத்தான பள்ளத்தில் பாய்ந்து இறங்கியதால் அவர் மட்டும் உயிர் தப்பினார். இதை நம் மலரில் எழுதினால் பெரியத்தான் கையில் அரிவாள் ஒன்றைச் சேர்த்து, வீர வரலாறாக முடித்துவிடுவார். ஆனால் அர்ஜென்டினப் படை அப்போது அம்மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றும் சிறைபிடித்தும் நிலத்தைப் பறித்துக்கொண்டிருந்தது என்பதையும், இந்த நால்வரை அந்தப் படையின் ஒற்றர்கள் என்று நினைத்தே தாக்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்த ஆண்டே ஆளுநர் ஃபொன்டானாவின் குதிரைப்படைப் பயணத்துக்கு எவன்ஸ் வழிகாட்டியாகப் போனார். அந்தப் பயணத்தில் கண்ட மலையடிவாரப் பள்ளத்தாக்கில்தான், பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு லீக், அதாவது 2,500 ஹெக்டேர், நிலம் வழங்கப்பட்டது. எவன்ஸ் அங்கே குடிபெயர்ந்து கோதுமை பயிரிட்டார். முதல் மனைவி 1897இல் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டார். பின்னாளில் அங்கே ட்ரெவெலின் என்ற ஊரில் மாவாலையும் நடத்தினார். அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் இடையிலான எல்லைத் தகராறில் நடுவராக வந்த ஆங்கிலேயர் ஹோல்டிச், நீங்கள் அர்ஜென்டினாவா சிலியா என்று 1902 ஏப்ரல் 30 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கேட்டபோது, குடியானவர்கள் அர்ஜென்டினா என்றார்கள். எவன்ஸ் 1943இல் காலமானார்.

நான் சொல்லவந்தது இதற்கு நடுவில் இருக்கிறது. எவன்ஸ் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளைப் பேத்தி பின்னாளில் நூலாக்கினார். 1888இல் வால்சேட்டா என்ற இடத்தைக் கடந்துபோனபோது, உயரமான கம்பி வேலிக்குள் பூர்வகுடிகள் அடைக்கப்பட்டிருந்ததையும், வழியே போகிறவர்கள் வேல்ஸ்காரர்கள் என்று கண்டுகொண்டு அவர்கள் கம்பியைப் பிடித்தபடி, வேல்ஸ் மொழியும் ஸ்பானியமும் கலந்து, கொஞ்சம் ரொட்டி என்று கேட்டதையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களில் ஒருவன், அவரோடு ஒன்றாகத் திரிந்து, ரொட்டியைப் பகிர்ந்து தின்று வளர்ந்த தெஹுவெல்ச்சே நண்பன். அவனை வெளியே எடுக்க அன்று அவரால் முடியவில்லை. பிறகு அவனை மீட்பதற்கென்றே பணத்தோடு திரும்பிப் போனபோது, அவன் இறந்துவிட்டிருந்தான்.

1909இல் இறந்த மலாகாராவுக்கு எவன்ஸ் தம் நிலத்திலேயே கல்லறை எழுப்பி, தம் உயிரைக் காத்த குதிரை இது என்று தேதியோடு கல்லில் பொறித்தார். இன்றும் பயணிகள் அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கிப் போகிறார்கள். நண்பனுக்குக் கல் எதுவும் இல்லை. அவனுக்கு இருப்பதெல்லாம், தமக்குப் பெருமை சேர்க்காத அந்த நிகழ்ச்சியையும் மறைக்காமல் கிழவர் எழுதிவைத்த சில பக்கங்கள்தாம். எவன்ஸின் குடும்பத்தை நான் மதிப்பது அந்தப் பக்கங்களை நீக்காமல் அச்சிட்டதற்காக.

அத்தான் அனுப்பிய மலர் வரைவைப் பிரித்துப் பார்த்தேன். தாத்தாவின் வில்வண்டிக்கு ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. வண்டியில் பூட்டிய காளைகளின் பெயர்கள்கூட இருக்கின்றன. கண்மாய்க்கு மடை பார்த்தவர்கள், பஞ்ச ஆண்டில் கரையில் மண் சுமந்தவர்கள், நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ரங்கூனுக்குப் போனவர்கள் ஆகியோரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அந்த நிலம் யார் பெயருக்கு வந்தது என்பதைப் பெரியத்தான் என்னைவிட நன்றாக அறிவார். அதைக் கேட்டதற்காகத்தான் என் அப்பாவை அந்த ஆண்டுத் திருவிழாவில் யாரும் அழைக்கவில்லை என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார்.

மடைக்காரர் வீட்டு ஆச்சிக்கு நினைவு இன்னும் தெளிவாகவே இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் துபாய்த் தம்பி ஒரு முழு நாளை ஒதுக்கி, அவரிடம் உட்கார்ந்து, பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வரட்டும். போகும்போது பெரியத்தானையும் அழைத்துக்கொண்டு போக வேண்டாம். அவர் எதிரில் ஆச்சி பேசமாட்டார்.

இப்படிக்கு,
கீழவீட்டு இளையவன், கார்டிஃப்