ஒன்பது விநாடியாம்! எதிலிருந்து எண்ணினீர்கள்?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி):
ஆர்ச், டெபியன் இரண்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள். எது வேகம் என்று பாமணிக்கரை என்ற தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "ஆர்ச் லினக்ஸ் என் லேப்டாப்பில் 9 விநாடியில் எழுந்துவிடும். டெபியன்காரர்கள் பட்டனை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். வேகம், நிலைத்தன்மை, புதுசு மூன்றிலும் ஆர்ச்தான்" என்கிறார். நான் பதினான்கு வருடமாக டெபியனில்தான் கடை ஓட்டுகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். ஒரே கேள்விதான். அந்த 9 எதிலிருந்து எண்ணியது? பட்டன் அமுக்கியதிலிருந்தா, எந்த சிஸ்டத்தை எழுப்ப என்று முதலில் கேட்கும் கிரப் மெனு போனதிலிருந்தா?

பாமணிக்கரை (மன்னார்குடி):
அண்ணே, மெஷின் எழ எவ்வளவு நேரம் ஆனது என்று காட்ட சிஸ்டம்டி-அனலைஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. உங்கள் டெபியனே 2015-இல் எட்டாம் பதிப்பிலேயே, மெஷின் எழும்போது சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது, அதனால் உங்களிடமும் இருக்கும். எனக்கு 9.3 காட்டுகிறது. கடை மெஷினில் எவ்வளவு? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

முள்ளியாறு:
41 விநாடி. மறைக்க என்ன இருக்கிறது? என்னுடையது பழைய ஹார்ட் டிஸ்க், உங்களுடையது எஸ்எஸ்டி. மாட்டு வண்டியையும் மினி பஸ்ஸையும் ஒன்றாக விட்டு, மினி பஸ் ஜெயித்ததற்கு டிரைவரின் ஊர்தான் காரணம் என்பது போல இருக்கிறது. கேள்விக்குப் பதில் வரவில்லை. 9 எதிலிருந்து?

ஃபெடோரா தொப்பி (தஞ்சாவூர்):
முள்ளியாறு சார், எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பட்டியல் போடும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் போட்டுப் பாருங்கள். நெட் இணைப்பு வரும்வரை காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் என்ற சர்வீஸ் மட்டும் பல விநாடி தின்றுகொண்டிருக்கலாம். தனி மெஷினில் பெரும்பாலும் அது தேவையே இல்லை. அப்புறம், டெபியனில் 'ஸ்டேபிள்' என்றால் மாறாதது என்று அர்த்தம், படுக்காதது என்று இல்லை. முதலில் எந்த அர்த்தத்தில் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால்...

முள்ளியாறு:
தொப்பி தம்பி, உங்கள் ஃபெடோரா லினக்ஸ் ஆறு மாதத்துக்கு ஒன்று வரும், பதின்மூன்று மாதத்தில் ஆதரவு முடியும். என் கடையில் ஒரு கட்டு ஏ4 தாளே அதைவிட அதிக நாள் கிடக்கும். அர்த்தமெல்லாம் அப்புறம். 9 எதிலிருந்து?

பாமணிக்கரை:
அண்ணனுக்கு விநாடி பெரிதில்லை போல. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற ஃபைல் சுருக்கும் நூலகத்தில் ஒளித்து வைத்த பின்கதவு எப்படிச் சிக்கியது, நினைவிருக்கிறதா? தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமானது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டினார். அரை விநாடி! அதை விட்டிருந்தால் உலகத்து சர்வர்களின் கதி என்ன? நீங்கள் 41 விநாடியைத் தட்டிவிட்டுப் போகிறீர்கள்.

முள்ளியாறு:
நல்ல வேளையாக நீங்களே எடுத்தீர்கள். அவர் ஒழுங்காக அளந்தார், அதனால்தான் கண்டுபிடித்தார். சரி, அந்தப் பின்கதவு இருந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியன் ஸ்டேபிளுக்கு வந்ததா? வரவில்லை. உங்கள் ஆர்ச்சுக்கு வந்ததா? வந்தது. புதுசு புதுசு என்று வாசலைத் திறந்து வைத்தால் விருந்தாளியும் வருவான், திருடனும் வருவான்.

பாமணிக்கரை:
வந்தது. ஆனால் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்ஹெச்டி ஆர்ச்சில் அந்த நூலகத்தோடு இணைக்கப்படவில்லை, அதனால் அந்த வழி அடைபட்டே இருந்தது. சிஸ்டம்டிக்காக ஒட்டுப்போட்டு வழி திறந்து வைத்தது டெபியனும் ஃபெடோராவும்தான். இன்னொன்று, ஃப்ராய்ண்ட் ஓட்டிக்கொண்டிருந்தது டெபியன் சிட், அதாவது ஸ்டேபிளுக்கு முந்தைய சோதனைக் கிளை. புதுசு வரவர மாறிக்கொண்டே இருக்கும் உங்கள் வீட்டு ரோலிங். புதுசை ஓட்டியதால்தான் சிக்கியது. என் கட்சியைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

முள்ளியாறு:
டெபியன்தானே? கண்டுபிடித்தது டெபியனில், தப்பித்தது டெபியன் ஸ்டேபிள். இரண்டு பக்கமும் எங்கள் வீடு.

மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு என்று ஒரு பேச்சு உண்டு. ஆர்ச் அந்த மன்னார்குடி மதில்மேல் பூனை. அடுத்த அப்டேட்டில் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது.

பாமணிக்கரை:
ஊரை இழுக்காதீர்கள். இழுத்தால் நானும் இழுப்பேன். ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் நீங்கள். மென்பொருளிலும் பாரம்பரிய ரகம்தான் பிடிக்கிறது. டெபியன் 12 ஓட்டியவர்கள் லிப்ரே ஆபிஸ் 7.4-ஐ இரண்டு வருடம் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கடைமடை (வேதாரண்யம்):
தம்பி, கம்ப்யூட்டர் சண்டையில் நெல்லை எதற்குக் கேலி செய்கிறீர்கள்? போன வருடம் ஒரு மா மாப்பிள்ளைச் சம்பா போட்டேன். ஆள் உயரம் வளர்ந்தது, ஐப்பசி மழையில் கால்வாசி சாய்ந்துவிட்டது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அரிசிக்கு வீட்டு வாசலுக்கு வந்து கேட்டார்கள். என்னைக் கேட்டால் டெபியன் என்பது சி.ஆர். 1009 நெல் மாதிரி. ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், அவசரப்படாது. ஆர்ச் ஆடுதுறை 36 நெல், நூற்றுப்பத்து நாளில் கையில். இரண்டும் வேண்டும்.

டிகிரி காபி (கும்பகோணம்):
1009 தண்ணீர் நின்றால் தாங்கும் என்று விட்டுப்போகாதீர்கள் சார். தாங்குவது சப்-1 ரகம், பழைய 1009 இல்லை. எங்கள் பக்கம் இரண்டையும் ஒன்று என்று நினைத்து விதை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

கடைமடை:
தண்ணீர் தாங்கும் என்று நான் எங்கே சொன்னேன்? எழுதியதைப் படியுங்கள்.

டிகிரி காபி:
சொல்லவில்லை, சொல்வீர்கள் என்று தெரியும். இட்லிக்கு மட்டும் 1009தான், அதில் சண்டை இல்லை. நான் மிண்ட் லினக்ஸ் போட்டிருக்கிறேன். பிரிண்டர் ஓடுகிறது. வேறென்ன வேண்டும்?

முள்ளியாறு:
நெல்லை விடுங்கள். புதுசு புதுசு என்பவரிடம் கடை நிலவரத்தைச் சொல்கிறேன். அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்ய சிட்டா, அடங்கல் பிரிண்ட் வேண்டும். காலை எட்டு மணிக்கே பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் தோளில் துண்டு, கையில் ஈரம் காயாத நெல் ஒரு பிடி. "ஈரப்பதம் பதினேழுக்குள் இருக்குமா பாரு" என்று என்னிடமே காட்டுகிறார். வெளியே நெல் குவித்துக் கிடக்கிறது, மேற்கே வானம் கறுக்கிறது. அவரிடம், "ஐயா, லினக்ஸின் மையமான கெர்னல் புதுசாக வந்திருக்கிறது, பிரிண்டர் டிரைவர் கோபித்துக்கொண்டது, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லவா? மெஷினைக் காலையில் ஒரு தடவை போடுகிறேன். 41 விநாடி ஆகட்டும், நான்கு நிமிடம் ஆகட்டும், சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி முடிப்பதற்குள் வந்துவிடும்.

டெபியனுக்குத் தேதி கிடையாது. தண்ணீர் இருந்தால்தான் மேட்டூர் திறப்பார்கள், தயாரானால்தான் டெபியன் வரும். 12 வந்தது 2023 ஜூன் 10, 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9. நடுவில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அதைத்தான் நான் நிம்மதி என்கிறேன்.

பாமணிக்கரை:
அண்ணன் ஒரு தடவை போடுவார். கார்த்திகை மழையில் என் தெருவில் நாளுக்கு ஆறு தடவை கரண்ட் போகிறது, லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கு 9 விநாடி முக்கியம். டெபியன் 13-இல் பழைய 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலரே கிடையாது என்பதையும் கடையில் எழுதிப் போடுங்கள்.

முள்ளியாறு:
32 பிட்டைப் பற்றி ஆர்ச்காரர் பேசுகிறார்! 2017-லேயே அதைக் கைகழுவியது யார்?

பேச்சு வந்ததால் சொல்கிறேன், என் அக்கா மகன் லேப்டாப்பில் ஆர்ச் போட்டுக் கொடுத்த புண்ணியவான் யார்? 2022 ஆகஸ்ட். ப்ராஜெக்ட் ஒப்படைக்க மூன்று நாள். ராத்திரி அப்டேட் செய்தான், காலையில் மெஷின் திரும்பத் திரும்ப பயாஸ் திரைக்கே போனது. அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள். என் டெபியன் பென் டிரைவைச் சொருகித்தான் ஃபைல்களை வெளியே எடுத்தோம்.

பாமணிக்கரை:
ஆர்ச் தன் செய்திப் பக்கத்திலேயே அறிவிப்பு போட்டிருந்தது: கிரப் புதுப்பித்தால் கிரப்-இன்ஸ்டால் கட்டளையையும் ஓட்டுங்கள் என்று. அவன் படிக்கவில்லை. நாலு மாதம் கைவைக்காமல் கிடந்ததை ஒரே ராத்திரியில் புதுப்பித்தால் யார் பொறுப்பு? அதை எத்தனை வருடம் சொல்லிக் காட்டுவீர்கள்? போன மாதம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தும் முகம் கொடுக்கவில்லை நீங்கள்.

முள்ளியாறு:
அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் கடைசியில். அவன் மெஷின் படுத்தது அதற்கு முன்னால். பந்தியில் ரசம் ஊற்றும்போது பேசுவதில்லை நான். 9 எதிலிருந்து?

ஃபெடோரா தொப்பி:
சார், அந்த வெயிட்-ஆன்லைன் பார்த்தீர்களா?

பாமணிக்கரை:
இந்தாருங்கள், மெஷின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: கெர்னல் 2.9, யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்குப் பின் எழும் மற்றதெல்லாம்) 6.4, மொத்தம் 9.3. போதுமா?

முள்ளியாறு:
பட்டன் அமுக்கியதும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர் எங்கே? கெர்னலை ஏற்றிவிடும் லோடர் எங்கே? என் மருமகன் மெஷினில் நாலு எண் வருகிறது, உங்களுக்கு இரண்டுதான் வருகிறது.

பாமணிக்கரை:
பூட்லோடர் சொன்னால்தான் அந்த இரண்டும் வரும். என் கிரப் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

முள்ளியாறு:
ஆக, கெர்னல் எழுந்ததிலிருந்துதான் 9. நேற்றிலிருந்து இதைத்தான் கேட்கிறேன்! கிரப் மெனு மட்டும் 5 விநாடி நிற்கும். அதற்கு முன்னால் கம்பெனி லோகோ. எல்லாம் யார் கணக்கில்?

பாமணிக்கரை:
மெனுவை 0 ஆக்கி வைத்திருக்கிறேன். அப்போதும் உங்கள் 41-ஐவிடக் குறைவுதான்.

முள்ளியாறு:
சனிக்கிழமை மன்னார்குடிக்கு வருகிறேன். கையில் வாட்ச் இருக்கும். பட்டனை அமுக்குங்கள், பார்ப்போம்.

பாமணிக்கரை:
சனிக்கிழமை மாதப் பராமரிப்பு அண்ணே. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது.

முள்ளியாறு:
ஆறு மணிக்கு வருகிறேன்.