ஒரே இரவு, ரெண்டு ரெக்கோடிங்: ஒண்டு சுருதியோட சேருது, மற்றது சேருதில்லை. ஏன்?

உப்புவெளி_கேள்வன்:
அமெரிக்க ரொக் குழு கிரேட்ஃபுல் டெட், 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹோல் கச்சேரி. இன்டர்நெட் ஆர்கைவில இந்த ஒரு இரவுக்கே கன பதிவு கிடக்கு. ரெண்டாம் பகுதி தொடக்கத்தில ஸ்கார்லெட் பிகோனியாஸ் நிக்காமலே ஃபயர் ஒன் த மவுண்டனுக்குள்ள போகுது, ரெண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல. அந்த மாறுற இடத்தைச் சரியாப் பிடிக்கவேணும். தம்பூரா ஆப்பில 7 கட்டை (பி சுரம்) வைச்சுக் கேட்டா சவுண்ட்போட் பதிவு, அதாவது மிக்ஸரில இருந்து நேரா எடுத்தது, ஒத்துவருது. கூட்டத்துக்குள்ள மைக் வைச்சு எடுத்த ஒண்டு உரசுது, கொஞ்சம் மேல நிக்குது. டேப் வேகப் பிழையோ? எப்பிடி அளக்கிறது? மற்றது, குழுவின்ர ரெண்டு டிரம்மர்மாரின்ர வாசிப்பையும் பிரிச்சுக் கேட்க வழி இருக்கோ?

சீனன்குடா_ஒலி:
வேகப் பிழையாத்தான் இருக்கும். கசெட் மெஷின் ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேகம். கைமாறிக் கைமாறிப் பிரதி எடுக்கிற நேரம் பிழை கூடிக்கொண்டு போகும்.

காதால குறைக்க முதல் அளந்து பாருங்கோ. அமெரிக்காவில கரண்ட் 60 ஹேர்ட்ஸ், எங்கட 50. மேடை அம்ப்ளிஃபையரின்ர ரீங்காரம் பதிவுக்குள்ளயே கிடக்கும். அது 60இலயும் அதின்ர மடங்குகளான 120, 180இலயும் நிக்கவேணும். தள்ளி நிண்டா, டேப் அவ்வளவு தள்ளி ஓடியிருக்கு.

ஓடாசிட்டி எண்ட ஒலித் தொகுப்பு மென்பொருளில, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்க முதல் அவை சுருதி கூட்டுற அமைதியான இடம் ஒண்டை 10 செக்கனுக்குக் குறையாமல் எடுத்துத் தனிப் பிரதியாக்கி, 8000 ஹேர்ட்ஸுக்கு மாத்துங்கோ. பிறகு ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்து அளவை 65536 எண்டு வையுங்கோ. அப்ப ஒரு படி 0.12 ஹேர்ட்ஸ் அளவுதான். 44100இலயே பார்த்தா ஒரு படி 0.67, அதுவே 60க்கு ஒரு வீதத்துக்கு மேல பிழை தரும். 180 பக்கம் வாசிக்கிறது இன்னும் திறம், ஏனெண்டா பிழையும் மூண்டு மடங்காப் பெருத்துத் தெரியும்.

ஒரு பொறி இருக்கு. பாட்டு ஓடுற இடத்தில அளக்காதேங்கோ. இந்த ரெண்டு பாட்டுக்கும் ஆதார சுருதி 7 கட்டை. பேஸ் கிட்டாரில கீழ் 7 கட்டை 61.7 ஹேர்ட்ஸ், மேல் ஸ்தாயி 123.5. அதை ரீங்காரம் எண்டு நம்பினால் சரியான டேப்பையும் கெடுத்துப்போடுவியள். இன்னொண்டு, சரியா 60இல ஒரு கோடும் பக்கத்தில தள்ளி ஒரு கோடும் தெரிஞ்சா, 60இல நிக்கிறது பிறகு கணினிக்கு ஏத்தேக்க சேர்ந்த ரீங்காரமா இருக்கும். தள்ளி நிக்கிறதைத்தான் எடுக்கவேணும்.

ஹெட்போனில மட்டும் கேட்கிற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் உங்கட வீட்டுது. எர்த் இல்லாத பிளக், மடிக்கணினி சார்ஜர். சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில கேளுங்கோ.

டச்சுக்குடா:
அளக்கிற முறை மேல சரியாச் சொல்லியாச்சு. எந்தப் பதிவு எண்டதில எனக்குக் கருத்து இருக்கு. சவுண்ட்போட் தெளிவா இருக்கு எண்டதுக்காக அது முழு உண்மை எண்டு எடுக்கவேண்டாம். மண்டபத்துக்கு வேண்டிய அளவுக்குத்தான் மிக்ஸரில கலக்கிறது. சின்ன மண்டபமெண்டா கிட்டார் அம்ப் மேடையில இருந்தே சனத்துக்குக் கேட்டிடும், அதால மிக்ஸருக்குள்ள கிட்டார் மெலிஞ்சு குரல் முன்னுக்கு நிக்கும். சனத்துக்குள்ள எடுத்ததில அந்தச் சமநிலை சரியா இருக்கும், ஆனா எதிரொலி பேஸை மூடும்.

கோர்னெலுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. மிக்ஸர் பதிவு குழுவின்ர ஒலிப்பதிவாளர் பெட்டி கன்ரர்-ஜாக்சன் எடுத்தது, அவவின்ர கலவை அபாரம். 2017இல அதிகாரபூர்வமாவும் வெளிவந்தது. அதைத்தான் அளவுகோலா வையுங்கோ. 1974 பதிவுகளுக்குப் போனா வேற கதை: குரல் மெலிஞ்சு தகரம்மாதிரிக் கேட்கும். டேப்பில பிழை இல்லை. அந்த வருசம் ஒலிபெருக்கிச் சுவர் பாடுறவைக்குப் பின்னாலயே நிண்டது. ஊளையிடாமல் இருக்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மைக்கை எதிர்ப்பக்கமாக் கொழுவி, ஒண்டில மட்டும் பாடினவை. ரெண்டுக்கும் பொதுவா விழுற சத்தம் வெட்டுப்பட்டுப் போகும், கூடவே குரலின்ர அடியும் போகும்.

டிரம்ஸ் பிரிக்கப் பழக வேணுமெண்டா 1972, 73க்குப் போங்கோ. ரெண்டு டிரம்மரில ஒருத்தரான மிக்கி ஹார்ட் 1971 பெப்ரவரியில விலகி 1974 ஒக்டோபரில திரும்பினவர். நடுவில பில் கிரைட்ஸ்மன் தனிய. அவரின்ர கையைக் காது பிடிச்ச பிறகு 77க்கு வந்தா, அவர் இல்லாத அடி மற்றவருடையது எண்டு தானாத் தெரியும். ஸ்டீரியோ தடத்தைப் பிரிச்சு ஒரு பக்கத்தை மூடிக் கேட்கிறதும் உதவும்.

டச்சுக்குடா கடற்கரையில இருந்து இந்தப் பதிவுகளை ஒப்பிடவேண்டாம். அலைச் சத்தம் சிம்பலையும் டேப் இரைச்சலையும் ஒண்டாக் கரைச்சுப்போடும். கச்சான் காலத்தில ஃபேன் போடாமல் இருக்கேலாது, அதால காதை முழுக்க மூடுற ஹெட்போன் பாவியுங்கோ.

உப்புவெளி_கேள்வன்:
அளந்தாச்சு. 180 பக்கம் கூர் 183.6இல நிக்குது, 122.4இலயும் ஒண்டு. சரியா 60இல ஒண்டும் இல்லை.

சீனன்குடா_ஒலி:
183.6ஐ 180ஆல பிரிச்சா 1.02. ரெண்டு வீதம் கூடின வேகம், அரைச்சுரத்தில மூண்டில ஒரு பங்கு. தம்பூராவோட உரசாமல் என்ன செய்யும்! 8000 பிரதியை விட்டுட்டு முழுப் பதிவை எடுத்து, வேகம் மாத்துற எஃபெக்டில பெருக்கெண்ணா 0.980 குடுங்கோ. டெம்போ மாத்துறதைத் தொடவேண்டாம், அது சுருதியை விட்டுட்டு நேரத்தை மட்டும் இழுக்கும். ஒவ்வொரு கசெட் பக்கத்துக்கும் திரும்ப அளவுங்கோ. 90 நிமிடக் கசெட் எண்டா 45 நிமிடத்தில பக்கம் மாறும், நடுவில விட்டதை வேற பதிவால ஒட்டியிருப்பினம்.

இனி மாறுற இடம். ஃபயர் முழுக்க ரெண்டே கோட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு), பி, ஏ. சுரம் எங்கட ஹரிகாம்போதி வரிசைதான், 7 கட்டையில. ஸ்கார்லெட்டின்ர கடைசி வாசிப்பும் அதே ஆதாரத்தில இருக்கிறதால தம்பூராவை மாத்தத் தேவையில்லை, கிட்டாரைப் பின்தொடர்ந்தா ஒண்டும் பிடிபடாது. பேஸைப் பிடியுங்கோ. ஓடித்திரியிற பேஸ் அடங்கி ஒரே உருவைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்குற இடம்தான் வாசல். அதுக்குப் பிறகுதான் மற்றவை ஒவ்வொருத்தரா உள்ள வருவினம். முதல்தரம் பேஸ் மட்டும், அடுத்தது டிரம்ஸ், மூண்டாந்தரம் கீத்தின்ர கீபோட். கிட்டார் வாசிக்கிற கார்சியாவைக் கடைசிக்கு வையுங்கோ, அவர் காதை இழுத்துக்கொண்டு போயிடுவார்.

அதைத் தொடர்ந்து வாற எஸ்டிமேட்டட் ப்ரொஃபெட் ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி எண்டு கையில போடுங்கோ, தடுமாறினா ரெண்டு சுற்றைச் சேர்த்து 14ஆ எண்ணுங்கோ.

டச்சுக்குடா:
வேகத்தைத் திருத்தினாப் பிறகு சவுண்ட்போட், சனப் பதிவு ரெண்டையும் ஒண்டாக் கலந்து பார்க்கலாம், அதை மேட்ரிக்ஸ் எண்டு சொல்லுறது. மைக் மேடையில இருந்து 30 மீற்றர் தள்ளி இருந்தா சத்தம் 87 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அவ்வளவுக்கு சனப் பதிவை முன்னுக்குத் தள்ளுங்கோ, ஒரு ஸ்நேர் அடியை வைச்சுப் பொருத்தினாச் சுகம். தொடக்கத்தில பொருந்தி 20 நிமிடத்தில இரட்டை அடி கேட்டா, வேகம் இன்னும் ஒரு துளி பிழை. கடைசி ஸ்நேர் அடியைப் பார்த்து அந்தத் துளியையும் திருத்துங்கோ.